பிளவு மூங்கில் கோலும் ஊர்த் தூண்டில் கடையும்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் வட்டாரத்தில் ஆரோ ஆற்றை ஒட்டி அமைந்த ரெட்டிச் நகரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் பெரும்பகுதிக்குத் தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர். ஊசிக்குக் கம்பி நறுக்கவும் முனை தீட்டவும் பழகிய கைகளே தூண்டில் முள்ளையும் செய்யத் தொடங்க, முள்ளைத் தொடர்ந்து நரம்பு, தக்கை, ரீல், கோல் என மீன்பிடிக் கருவிகள் யாவும் அவ்வூரின் தொழிலாயின. புல்லட் மோட்டார் சைக்கிளுக்குப் பெயர்பெற்ற ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இதே ரெட்டிச்சில், ஊசி செய்த தொழிலகம் ஒன்றிலிருந்து கிளைத்ததுதான் என்பது, 1955 முதல் அந்த வண்டியின் சென்னைத் தயாரிப்பை அறிந்துள்ள தமிழ் வாசகருக்கு இவ்வூரைச் சற்று நெருக்கமாக்கும்.

நகரின் வடபுறத்தில் உள்ள ஃபோர்ஜ் மில் என்னும் பழைய ஊசி ஆலை 1983 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. தேய்ப்புப் பொடியும் சோப்பும் சேர்த்துச் சாக்குத் துணியில் சுற்றிய ஆயிரக்கணக்கான ஊசிகள், நீர்ச்சக்கரத்தின் விசையால் மணிக்கணக்கில் உருட்டப்பட்டு மெருகேறிய முறையை அங்கு செல்பவர் நேரில் அறியலாம். அந்த மெருகுக்குத் தொழிலாளர் கொடுத்த விலை கடுமையானது. உலர்ந்த சாணைக்கல்லில் ஊசிமுனை தீட்டியவர்கள் கல் தூளையும் எஃகுத் தூளையும் சுவாசித்து, நுரையீரல் நோயால் இளவயதிலேயே இறந்தனர். தூண்டில் முள்ளை நரம்புடன் பிணைப்பது, இறகும் நூலும் கொண்டு பூச்சி உருவில் பொய்யிரை கட்டுவது போன்ற நுண்பணிகள் பெரும்பாலும் பெண்களின் கைகளில் இருந்தன. நைலான் வருவதற்கு முன் அந்த நரம்பு, பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி உலர்த்திச் செய்யப்பட்டது. ஸ்பெயினின் முர்சியா பகுதி அதற்குப் பெயர்பெற்றது. ஆல்காக், மில்வார்டு போன்ற நிறுவனப் பெயர்கள் கருவிகளில் பொறிக்கப்பட்டுப் புகழடைந்தபோதும், அவற்றைக் கட்டிய பெண்களின் பெயர் எந்தக் கருவியிலும் இடம்பெறவில்லை என்பதை இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை.

பிளவு மூங்கில் கோல் என்பது, மூங்கில் கழியை நீளவாக்கில் பிளந்து, கிடைத்த பிளாச்சுகளை முக்கோண வடிவில் செதுக்கி, ஆறு பிளாச்சுகளை ஒன்றாக ஒட்டி அறுகோண வடிவில் ஆக்கப்பட்ட கோல் ஆகும். தொடக்கக் காலத்தில் இதற்குப் பயன்பட்டது கல்கத்தாத் துறைமுகம் வழியே ஏற்றுமதியான இந்திய மூங்கில். தமிழ்நாட்டுக் காடுகளிலும் வளரும் கல்மூங்கில் அவ்வகையைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் அதன் இடத்தைத் தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோங்கின் மூங்கில் பிடித்துக்கொண்டது. கான்டன் நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் மெக்ளூர் 1931-இல் அறிவியல் பெயர் சூட்டிய இந்த மூங்கிலில் கணுக்கள் அதிகம் புடைப்பதில்லை, கழி நேராக வளர்கிறது, மேல்தோலுக்கு அடியிலுள்ள வலிமையான நார்களும் நெருக்கமாக அமைந்துள்ளன. கோலின் உயிர் இந்த நார்களில் இருப்பதால், செதுக்குபவர் மேல்தோல் பக்கத்தை இயன்றவரை தொடாமல், வலுவற்ற உள்சதையை மட்டுமே கழிக்கிறார்.

இன்றும் இந்தக் கோலைக் கையால் செய்யும் தனிப் பட்டறைகளில், பணி நெடுநேரம் நிற்கும் இடம் கணுதான். பிளாச்சு கணுவருகே வளைந்திருப்பதால், அதை விளக்கின் சூட்டில் காட்டி, நார் இளகும் தருணத்தில் அழுத்தி நிமிர்த்த வேண்டும்; சூடு குறைந்தால் நார் முறியும், மிகுந்தால் கருகும், இரண்டுக்கும் இடையிலுள்ள நொடியைக் கண்ணும் விரலும் சேர்ந்துதான் அறிகின்றன. நிமிர்த்திய பிளாச்சுகளை ஒட்டும்போது அவற்றின் கணுக்கள் ஒரே இடத்தில் சேராமல் மாறிமாறி வரும்படி அடுக்குவர். சேர்ந்துவிட்டால் கோல் அந்த இடத்தில் வலுவிழக்கும். ஒட்டுவதற்கு முன், நடுவில் பள்ளம் ஓடும் எஃகுச் சட்டத்தில் பிளாச்சைக் கிடத்தி, 60 பாகைக் கோணம் அமையும்வரை இழைப்புளியால் சீவுகின்றனர். சட்டத்தின் திருகுகளைக் கொண்டு பள்ளத்தின் ஆழத்தை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அடியிலிருந்து நுனிவரை கோல் எந்த இடத்தில் எவ்வளவு மெலிய வேண்டும் என்ற இந்த அளவே, மீன் இழுக்கும்போது கோல் வளையும் முறையைத் தீர்மானிக்கிறது. பெரிய ஆலைகளில் இப்பணியை அறுக்கும் இயந்திரங்கள் செய்தன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹிராம் லியனார்டு 1870-களிலேயே அத்தகைய இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். ஆயினும் கழியைத் தேர்வதும் கணுவை நிமிர்த்துவதும் அங்கும் கையின் வேலையாகவே நீடித்தன.

பழைய கோல்களில் விரற்கிடை இடைவெளியில் வரிசையாகக் காணப்படும் பட்டுநூல் சுற்றுகள் பலராலும் அலங்காரமாகக் கருதப்படுகின்றன. அக்காலத்தில் ஒட்டுவதற்குப் பயன்பட்டது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். ஈரம் புகுந்தால் அது இளகும் என்பதால், ஒட்டு விட்டாலும் பிளாச்சுகள் பிரியாதிருக்கவே அந்தக் கட்டுகள் இடப்பட்டன. நீரைத் தாங்கும் செயற்கைப் பசைகள் பரவிய பின்னர் அவற்றின் தேவை அற்றுப்போயிற்று. கோலின் துண்டுகளை இணைக்கும் இடத்தில் பித்தளையாலோ, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்தாலோ ஆன பூண் பொருத்தப்படும்.

இத்தனை உழைப்பும் ஆற்றங்கரைக்குச் சென்று சேர்ந்தது ஊர்த் தூண்டில் கடை வழியாகத்தான். ஆங்கில ஊர்களின் தெருக்களில் இருந்த அச்சிறு கடைகள், மரத்தூளிலோ தவிட்டிலோ இட்டு வைத்த உயிருள்ள இரைப்புழுவைப் பைன்ட் அளவையால் அளந்து விற்றன. குளத்துக்கும் ஆற்றுக்கும் உரிய நாள் சீட்டை வழங்கின. எந்த வளைவில் எந்த மீன் கடிக்கிறது என்ற செய்தியையும் காசின்றிச் சொல்லின. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் நன்னீர் மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பிடிப்புத் தடை விதித்ததால், கடையின் ஆண்டுக் கணக்கே அதையொட்டி அமைந்தது. தடைக் காலத்தில் கோல்கள் கடைக்குப் பழுதுபார்க்க வந்தன. பிரிந்த பட்டுநூலை மீண்டும் சுற்றி, தளர்ந்த பூணை இறுக்கி, புதிதாக வார்னிஷ் பூசி, ஜூன் 16 பிறக்குமுன் உரியவரிடம் ஒப்படைப்பது கடைக்காரரின் கடமை. ஆலையில் தொடங்கிய தொழில் ஆண்டுதோறும் கடையின் பின்னறையில் தொடர்ந்ததால்தான் ஒரு கோல் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்ல முடிந்தது. இக்கைவினையின் வரலாற்றில் ஆலைக்கு நிகரான இடம் இந்தப் பின்னறைக்கும் உண்டு.

1952-இல் ஹெர்ஃபர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்டு வாக்கர் பிடித்த 44 பவுண்டு கெண்டை, ஏறத்தாழ 20 கிலோ எடையுடன், பிரிட்டனில் அதுவரை காணாத சாதனையாயிற்று. அவர் கையிலிருந்தது அவரே வடிவமைத்த பிளவு மூங்கில் கோல். அதே காலத்தில் கண்ணாடி இழைக் கோல்கள் சந்தைக்கு வந்துவிட்டன. ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் 1960-களில் உருப்பெற்ற கார்பன் இழை, அடுத்த பத்தாண்டில் கோலாகவும் வந்தது. எடை குறைந்த, ஈரத்துக்கு அஞ்சாத அவை நாளடைவில் உழைக்கும் மக்களுக்கும் எட்டும் விலையில் கிடைத்தன என்பதால் அந்த மாற்றத்தைக் குறைகூற இடமில்லை. ஆனால் உடைந்த கார்பன் கோல் பெரும்பாலும் தூக்கி எறியப்படுகிறது. பழுதுபார்க்கும் வேலை குறைந்தபோது, கடைகள் தம் வருவாயின் ஒரு பகுதியையும், அதைவிட முக்கியமாகத் தம் கைத்திறனையும் இழந்தன.

இன்று பழைய கோல்களைத் திரட்டுவோர் இரண்டு செய்திகளைக் கவனிப்பது நன்று. முதலாவது காப்பு பற்றியது: கோலைச் சுவரில் சாய்த்து வைத்தால் அது மெல்ல வளைந்து அந்த வளைவிலேயே நிலைத்துவிடும் என்பதால், நன்கு உலர்த்தித் துணிப்பையில் இட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். இரண்டாவது புதுப்பித்தல் பற்றியது. ரெட்டிச் ஆலைகள் தம் பெயரின்றிச் செய்து அனுப்பிய கோல்களில் ஊர்க் கடைகள் தத்தம் பெயர்ச் சீட்டை ஒட்டி விற்றன. பிடிக்கு மேலே வார்னிஷுக்கு அடியில் மங்கித் தெரியும் அந்தச் சீட்டு, பல கடைகள் இருந்ததற்கு எஞ்சிய சான்றாக இருக்கிறது. பளபளப்பை விரும்பிப் பழைய வார்னிஷை முழுதும் சுரண்டுபவர், கடைப்பெயரையும் தெருப்பெயரையும் சேர்த்தே அழித்துவிடுகிறார். புகழ்பெற்ற நிறுவனக் கோல்களுக்கு ஏலத்தில் விலை உண்டு, அவற்றைக் காக்க ஆளும் உண்டு. பெயரற்ற ஆலைக் கோல்களையும் அவற்றின் கடைச் சீட்டுகளையும் ஊர்வாரியாகப் படமெடுத்து, எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது, அங்கு பழுதுபார்த்தவர் யார் என்பதை நினைவுள்ள முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யும் பணியை உள்ளூர் அருங்காட்சியகங்களும் தூண்டில் சங்கங்களும் ஏற்க வேண்டும். அந்த முதியோர் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.