நியூ பெட்ஃபோர்டு: நான்கு வருடச் சாமான் கட்டிய துறைமுகம்

1841 ஜனவரி 3 அன்று அகுஷ்னெட் ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள ஃபேர்ஹேவனிலிருந்து திமிங்கில வேட்டைக்குப் புதுக் கப்பலொன்று கிளம்பியது. அதில் சாதாரண மாலுமியாக ஏறிய இருபத்தொரு வயது இளைஞர் ஹெர்மன் மெல்வில். பத்து ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய 'மோபி டிக்' நாவலால் மேற்குக் கரை ஊரான நியூ பெட்ஃபோர்டின் பெயர் உலகமெங்கும் போயிற்று. ஆனால் வந்த புகழெல்லாம் ஈட்டி எறிந்தவனுக்கும் கப்பல் தலைவனுக்கும்தான். மூன்று, நான்கு வருடம் கடலில் தாக்குப்பிடிக்க வேண்டிய கப்பலைத் தயார்செய்து அனுப்பிய கரைக்காரர்களை யார் நினைத்தார்கள்?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தென்கரையிலுள்ள இந்த ஊர் 1787-இல் தனிப் பேரூர், 1847-இல் நகரம். நிர்வாக வரலாறு அவ்வளவு போதும். 1857-இல் இந்தத் துறைக்குச் சொந்தமான வேட்டைக் கப்பல்கள் 329, மாலுமிகள் ஏறத்தாழ 10,000 பேர். வேட்டைக் கப்பல்களின் வரவு செலவை அச்சிடுவதற்கென்றே 1843 முதல் இங்கே ஒரு வாரப் பத்திரிகை வந்தது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை பீப்பாய். வெள்ளை ஓக் மரச் சட்டங்களை இழைத்து, இரும்புப் பட்டை இறுக்கி, ஒரு சொட்டும் கசியாமல் பீப்பாய் செய்யும் தச்சர்கள்தான் இந்த ஊரின் உண்மையான கலைஞர்கள். போகும்போது குடிநீர், உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, மாவு, கப்பல் பிஸ்கட், கரும்புப்பாகு எல்லாம் பீப்பாய்களில் போகும். மாற்றுப் பாய்த்துணியும் துணிமணியும்கூட அவற்றில்தான். சாப்பாடு குறையக் குறையக் காலியான பீப்பாயில் எண்ணெய் ஏறும். போதாததற்கு, கழற்றிக் கட்டிய சட்டக் கட்டுகளும் போகும். வேண்டும்போது அவற்றைப் பீப்பாயாக மாட்டிக்கொடுக்கக் கப்பலிலேயே ஒரு தச்சர் இருப்பார். கீழ்த்தளத்தில் அங்குல இடம்கூட வீணாகாத கணக்கு இது. திரும்பி வந்த எண்ணெய்ப் பீப்பாய்கள் வெயிலில் காய்ந்து ஒழுகிவிடக் கூடாதென்று, துறைமேடையில் அவற்றின் மேல் கடற்பாசியைக் குவித்து மூடிவைப்பார்கள்.

மேல்தளத்தில் கொழுப்பு உருக்கும் செங்கல் அடுப்பைக் கொத்தனார் கட்டுவார். பயணம் முடிந்து திரும்பும்போது அதை இடித்துக் கடலில் தள்ளிவிடுவார்கள். அடுத்த பயணத்துக்குப் புது அடுப்பு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவைத் தடுக்க அடிப்பாகத்தில் செம்புத் தகடு அறைவார்கள். வேட்டைப் படகுகள் மெல்லிய சீடர் பலகையில் செய்தவை. இருபத்தெட்டு, முப்பது அடி நீளமிருந்தும் கல்யாணப் பல்லக்கைப் போல ஆட்களே தூக்கிவிடும் கனம்தான். 1842-இல் தொடங்கிய கயிற்று ஆலை ஒன்று மணிலா நாரில் வடம் திரித்தது.

கொல்லுப்பட்டறைகளில் ஒன்று லூயிஸ் டெம்பிளுடையது. அவர் கறுப்பினத்தவர். 1848-இல் அவர் உருவாக்கிய ஈட்டிமுனை, சதைக்குள் இறங்கியதும் குறுக்கே திரும்பிக்கொள்ளும். இழுத்தாலும் வெளியே வராது. சீக்கிரமே கப்பல்களெல்லாம் அதற்கு மாறிவிட்டன. அவர் காப்புரிமை பெறவில்லை. லாபமெல்லாம் மற்றவர்களுக்குப் போக, 1854-இல் கையில் பெரிதாக எதுவும் இல்லாமல் இறந்தார்.

அடிமைத்தளையிலிருந்து தப்பி 1838-இல் இங்கே வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ், பலகை இடுக்கில் நார் திணித்துத் தார் பூசும் கலப்பத்து வேலையில் தேர்ந்தவர். அந்த வேலையை அவருக்குக் கொடுத்தால் தாங்கள் வெளியேறிவிடுவோம் என்று வெள்ளைத் தொழிலாளிகள் மிரட்டினார்கள். கைத்தொழில் தெரிந்த மனிதர் மூட்டை தூக்கியும் விறகு அறுத்தும் பிழைத்தார். ஊர்ப்பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மாலுமிகளுக்குப் பெட்டியும் சட்டையும் காலணியும் கடனில் கொடுக்கத் தனிக் கடைகள் இருந்தன. சம்பளம் கிடையாது, வருமானத்தில் பங்குதான். புது ஆளுக்கு 175-இல் ஒரு பங்கு என்பதுபோல மிகச் சிறிய பங்கு. கடைக் கடனை அதில் கழிப்பார்கள். நான்கு வருடம் உழைத்துக் கரையேறி, கடன் தீராமல் அடுத்த கப்பலில் ஏறியவர்கள் உண்டு. பாதி ஆட்களோடு புறப்பட்ட கப்பல்கள் அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கும்போது ஆட்களையும் ஏற்றிக்கொண்டன. இன்றைய நகரில் கேட்கும் போர்த்துகீசியத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

1859-இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டினார்கள்; விளக்கில் திமிங்கில எண்ணெயின் இடத்தை மண்ணெண்ணெய் பிடித்தது. 1871-இல் ஆர்க்டிக் பனியில் 33 கப்பல்களைக் கைவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிர்தப்பினார்கள். பணம் பருத்தி ஆலைகளுக்கு நகர்ந்தது.

மிச்சமிருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம். 1960-களில் 'நகர்ப் புதுப்பிப்பு' என்ற பெயரில் பழைய கட்டடங்களை வரிசையாக இடித்தார்கள். பிறகு துறைமுகத்துக்கும் கடைவீதிக்கும் குறுக்கே நெடுஞ்சாலை போட்டு, ஊரைக் கடலிலிருந்து வெட்டினார்கள். இங்கே கட்டிய 'சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன்' கப்பல் 37 வேட்டைப் பயணம் போனது; 1941-இல் அதைக் கனெக்டிகட்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 2014-இல் சில நாள் விருந்தாளியாக வந்துவிட்டுப் போனது. மின்கருவி ஆலைகள் கொட்டிய நச்சு ரசாயனத்தைத் துறைமுகச் சேற்றிலிருந்து அள்ள எத்தனையோ ஆண்டுகள் போயின.

1996-இல் அறிவித்த தேசியப் பூங்கா பதின்மூன்று தெருச் சதுக்கங்களைக் காத்தது, சரி. ஊரின் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் பாதியளவு மாதிரிக் கப்பலும் அழகாக நிற்கிறது. ஆனால் சாமான் ஏற்றுகிற தொழில் செத்துப்போகவில்லையே! ஸ்காலப் சிப்பியால் பிடிப்பின் மதிப்பில் அமெரிக்காவின் முதல் மீன்பிடித் துறைமுகமாக இது ஆண்டுக்கணக்கில் இருந்துவருகிறது. ஐஸ், டீசல், வலை, மளிகை எல்லாம் இன்றும் படகில் ஏறுகின்றன. சுற்றுலாப் பயணி திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கார் ஏறிவிடுகிறார். நூறடி தள்ளி நடக்கும் வேலையைக் காட்ட உருப்படியான ஏற்பாடு வேண்டாமா? பீப்பாய் தச்சரின் கையையும் கொல்லரின் உலையையும் காட்டும் நிரந்தரப் பட்டறை ஒன்று துறைமேடையில் இருக்க வேண்டாமா? அதற்குப் பணம் இல்லை என்று சொல்ல, நெடுஞ்சாலைக்கு இடித்துத் தள்ளிய ஊருக்கு உரிமை கிடையாது.