ஓய்வு யாருக்கு?

உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் எவரும் இலர். ஆனால் அவ்வோய்வு வீட்டில் யார் யாருக்கு உரியது என்று கேட்டால் மட்டும் பலரும் வாய்மூடி விடுகின்றனர். அறுபது வயதான ஆண்மகன் திண்ணையில் சாய்ந்து பத்திரிகை படிக்கலாம். அவனுக்குக் காப்பி கலந்து கொண்டுவரும் மனைவிக்கு ஓய்வு வயது எது? 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் இந்நாட்டின் தனியார் துறைத் தொழிலாளருக்கு ஓய்வு வயது 60க்குக் குறையக் கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுப்படிக்கு அப்படியொரு சட்டம் இன்னும் பிறக்கவில்லை.

நாம் வட சிலாங்கூரில் ஒரு தோட்டத்துச் செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றோம். நம் துணைவியார் அதே தோட்டத்தில் பதினாறு வயது முதல் பால்மரம் வெட்டி, இரப்பர் அழிந்து செம்பனை வந்த பின்னர் உதிரிப் பழம் பொறுக்கி, நம்மோடு ஓய்வு பெற்றவர். இப்போது ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய வேன் ஒன்றில் ஏறிப் புறப்படுகின்றோம். கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று கடலோரமாகவும், அங்கிருந்து தோட்டப்புறங்களுக்குமாகச் சுற்றிப் பிப்ரவரி முடிவில் வீடு திரும்புகின்றோம். வேனுக்குள் ஒரு பலகைக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரியில் ஓடும் விசிறி, கெண்டி ஆகியவை உண்டு. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டுமாகையால், எதையும் நிலையாகப் பொருத்தவில்லை. எல்லாம் இறக்கி ஏற்றத் தக்கவையே.

இம்மாதங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அப்போது வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானுப் பக்கம் கொட்டித் தீர்க்கும். மலைத்தொடருக்கு இப்புறமுள்ள நம் கரையில் மழை உண்டெனினும் கடல் அவ்வளவு சீறுவதில்லை.

“வயதான காலத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இராமல் நாடோடிகளைப்போல் இதென்ன பிழைப்பு?” என்று உற்றார் கேட்கின்றனர். பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வேனில் சோறு பொங்குவதில்லை என்பது நாம் வகுத்துக்கொண்ட முதல் விதி. தேநீருக்கு வெந்நீர் வைப்பதோடு சரி. தோட்டத்து வாழ்வில் துணைவியார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியுமாதலால், பெரட்டு முடிந்து வெளிச்சம் வருமுன்னே மரத்தடியில் நிற்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் மறுபடியும் அடுப்பு. நாளொன்றுக்கு இருவேளை என்று வைத்தாலும் நாற்பது ஆண்டில் இருபத்தொன்பதாயிரம் வேளைக்குக் குறையாது. இதற்குக் கூலி இல்லை, விடுமுறை இல்லை, ஓய்வுக் கடிதமும் இல்லை. ஆலையில் நாம் செய்த வேலைக்கு மணிக்கணக்கு இருந்தது. மிகைநேரத்திற்குப் பணமும் இருந்தது.

ஆகவே இப்போது காலையில் கோல சிலாங்கூர் பட்டணத்தில் தோசை. நண்பகலில் வாழையிலைச் சோறு. பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமத்திலும் செகிஞ்சானிலும் சீனர் கடைகளில் ஆவியில் வேகவைத்த மீன். ஜாவா வழிவந்த மலாய் மக்களிடம் நாசி அம்பெங் என்றொரு வழக்கமுண்டு. சோறு, கோழி, மீ, தேங்காய்ப்பூ வறுவல் ஆகியவற்றை ஒரே தாம்பாளத்தில் வைத்து நால்வர் சுற்றியமர்ந்து உண்பார்கள். இன்னார் இந்தப் பந்தியில்தான் உட்கார வேண்டும் என்று பிரித்து வைத்த திருமணங்களைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்தத் தாம்பாளம் நல்லதொரு பாடமாக இருந்தது.

முதல் வாரத்தில் கடைக்காரர் “என்ன வேண்டும்?” என்று கேட்டால் துணைவியார் நம் முகத்தைப் பார்ப்பார். “எதுவானாலும் சரி” என்பார். அறுபது வயது வரையில் பிறர் விருப்பத்திற்கே சமைத்தவருக்குத் தம் நாவின் விருப்பம் எதுவென்று தெரிந்திருக்கவில்லை! நான்காவது வாரம் ஒரு கடையில், “இந்த மீன் நேற்றையது, வேறு கொண்டு வாருங்கள்” என்று அவரே சொன்னார். நமக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவருடைய தங்கை ஒருநாள், “ஏன் அக்கா, வீட்டில் அடுப்பு இல்லையா?” என்று கேலி பேசினார். “இருக்கிறது தங்கச்சி. அதுவும் ஓய்வில்தான் இருக்கிறது” என்பதே மறுமொழியாயிற்று.

செலவு கட்டுமா என்று சிலர் கேட்பர். இருவருக்கும் நாளொன்றுக்கு நாற்பது ரிங்கிட்டுக்குள் முடித்துக்கொள்கின்றோம். மீன் உண்ணும் நாளில் மட்டும் சற்றுக் கூடும். சாராயத்திற்கும் நாலு நம்பருக்கும் மாதந்தோறும் போகும் பணத்தை ஒருவன் கணக்குப் பார்ப்பானாகில், மனைவியை உணவுக்கடைக்கு அழைத்துச் செல்வது ஆடம்பரம் என்று சொல்ல நாணுவான்.

கம்போங் குவாந்தானில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் கூடி, ஒன்று சொன்னாற்போல் ஒருமிக்க ஒளிர்ந்து ஒருமிக்க அணையும். அதைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். நம் தோட்டத்திலிருந்து அவ்விடம் அரை மணி நேரப் பயணந்தான். ஆயினும் நாற்பது ஆண்டில் துணைவியார் ஒருமுறையேனும் கண்டதில்லை. இரவில் படகேறியவர் மறுநாள் நான்கு மணிக்கு எப்படி எழுவது? அன்றிரவு துடுப்புப் படகில் அவர் ஒன்றும் பேசவில்லை. கரையேறிய பின், “இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்ததா?” என்று மட்டும் கேட்டார்.

இனி பழுது பார்ப்பதைப் பற்றிச் சொல்வோம். பழைய வண்டி வாரம் தவறாமல் ஏதாவதொன்றைக் கேட்கும். கடற்காற்றில் துரு பிடிக்கும். மழையில் கூரையின் இணைப்பு ஒழுகும். பேட்டரி முனைகளில் வெண்பொடி பூக்கும். இவ்வேலைகளைத் துணைவியார் நம்மிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். வெந்நீர் ஊற்றிப் பேட்டரி முனையைத் துலக்குவதும், என்ஜின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறவாதிருப்பதும், கூரை வெடிப்பில் பசை தடவுவதும் இப்போது அவருக்குப் பழக்கமாகிவிட்டன. துணி துவைப்பது நம் பங்கு.

ஒருமுறை டயர் மாற்ற ஒரு கடைக்குச் சென்றோம். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு எண்கள் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிப்பன. 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் ஓடாமலிருந்தாலும் முதுமையடைந்து வெடிக்கும் தன்மையது. கடைக்காரர் புதிது என்று நீட்டிய டயரைத் துணைவியார் குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இது செய்து ஏழு வருஷமாகிறதே!” என்றார். அவர் வேறொன்று எடுத்து வந்தார். எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த பெண்ணை ஏமாற்றுவது எளிது என்று நினைப்பவர்களுக்கு, அறிவு பள்ளிக்கூடத்தோடு முடிவதன்று என்பது விளங்கட்டும்.

இவ்வாழ்க்கை நாம் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவில் வடக்கே பனி கொட்டும் மாதங்களில் ஓய்வு பெற்ற முதியோர் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு தெற்கே வெயிலை நாடிச் செல்கின்றனர். அரிசோனா மாநிலத்துக் குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசாங்க நிலத்தில் தங்குவதற்குச் சீட்டுக் கொடுக்கும் ஏற்பாடு 1983 முதல் இருந்து வருகிறது. அங்கே கூடுவோரில் இருவகையினர் உண்டு. ஒரு சாரார் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். மற்றொரு சாரார், 2008இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியில் வீட்டை இழந்து, முதுமையிலும் கிடங்குகளில் கூலிவேலை செய்து, வண்டியிலேயே குடியிருப்பவர்கள். இவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் ஒரு நூலே எழுதினார். பாலைவனம் ஒன்று, வண்டியும் ஒரேவிதம்; ஒருவருக்கு அது உல்லாசம், மற்றவருக்கு அதுவே கதி. வேற்றுமை பையில் ஒரு வீட்டுச் சாவி இருப்பதும் இல்லாமையுந்தான்.

இதை எண்ணாமல் நாம் பெஸ்தாரி ஜெயாவைக் கடப்பதில்லை. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த அவ்வூரருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் வாணிபத்திற்கென முதன்முதலில் செம்பனை நடப்பட்டது அங்கேதான், 1917இல். நட்டுவித்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசும் கிடைத்தது. பின்னர் அவர் தம் நாடு திரும்பி, 1973இல் அங்கே கண்மூடினார். தோட்டங்களைக் காடுவெட்டி உண்டாக்கிய தமிழ்த் தொழிலாளிக்குத் திரும்ப ஒரு வீடு இருந்ததா? லயம் வேலைக்குக் கொடுக்கப்பட்டது. வேலை போனால் லயமும் போயிற்று.

நமக்கும் ஓய்வுக் கடிதத்தோடு வீட்டைக் காலி செய்யும் கடிதமும் சேர்ந்தே வந்தது. நம் துணைவியார் பல ஆண்டுகளுக்கு முன்னரே வற்புறுத்தி, சேமநிதிப் பணத்தை எடுத்து மலிவு வீடொன்று வாங்கச் செய்திருந்ததால் தப்பினோம். அடுத்த வீட்டில் முப்பதாண்டு குடியிருந்த நண்பருக்கு அவ்வசதியில்லை. அவர் இன்று மூத்த மகன் வீட்டில் மூன்று மாதம், இளையவன் வீட்டில் மூன்று மாதம், மகள் வீட்டில் மூன்று மாதம் என்று ஒரு துணிப்பையோடு சுற்றுகிறார். அவர் மனைவி வேறொரு பிள்ளையின் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறார். அவர்களும் பிரயாணிகள்தாம், ஆனால் எங்கே போவது, எப்போது போவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள் அல்லர்.

இளைஞர்களே! ஊழியர் சேமநிதி 1951 முதல் இந்நாட்டில் இருக்கிறது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டோர் கட்டும் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது: ஓய்வுக் கணக்கில் நூற்றுக்கு 75, நல்வாழ்வுக் கணக்கில் 15, நினைத்தபோது எடுக்கும் கணக்கில் 10. நல்வாழ்வுக் கணக்கிலிருந்து வீடு வாங்க எடுக்கலாம். அதைக் கைப்பேசிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கரைத்துவிடாதீர்கள். தோட்டத்து வீட்டில் வாடகையின்றி இருக்கும் நாளிலேயே சொந்த வீட்டுக்கு வழி தேடுங்கள். பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்கட்டும். ஓய்வு பெற்ற மறுநாள் அவளையும் ஓய்வு பெறச் செய்யுங்கள். வேன் இல்லாவிடினும் குற்றமில்லை, பேருந்து இருக்கிறது. வாரம் ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு அவளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் வந்து கேட்கும்போது நீங்கள் சற்று வாய்மூடி இருங்கள், அவள் சொல்லட்டும்.