கேள்விக்குறிகள்

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன் நான். கல்லூரியில் முதல் பருவத்திலேயே 'சி' மொழித் தாளில் தோற்றேன். அன்று கோவில்பதாகை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டிய பிறகே வீடு திரும்பினேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அந்த விடுமுறையில் 'எழில்' என் கண்ணில் பட்டது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் மொழி. முத்தையா அண்ணாமலை என்னும் பொறியாளர் ஆக்கியது. 2009இல் அதைப்பற்றிக் கட்டுரையும் வெளியிட்டிருக்கிறார். திரையில் காட்ட 'பதிப்பி' என்றால் போதும். நிபந்தனையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் 'ஆனால்' என்றோ 'வரை' என்றோ எழுதவேண்டும். நம் வீட்டுப் பேச்சும் அப்படித்தானே! 'வைல்' என்று ஆறு மாதம் படித்தும் விளங்காதது, 'வரை' என்றதும் ஒரே இரவில் விளங்கிற்று.

ஆசை யாரை விட்டது? எழிலில் எழுதுவதற்கு எழிலிலேயே ஒரு திருத்தி செய்யவேண்டும் என்று பித்துப் பிடித்துவிட்டது. பெரிதாக எண்ணிவிடாதீர்கள். யூனிக்ஸின் தொடக்க காலத்து 'எட்' போல வரிவரியாக வேலை செய்வதுதான். எண்ணைச் சொன்னால் அந்த வரியைக் காட்டும், மாற்றும், நீக்கும். நடுவில் ஒரு வரியை நுழைத்தால் மற்றவை ஓர் இடம் தள்ளி நிற்கும். ரேஷன் கடை வரிசைதான். முணுமுணுப்பு மட்டும் இல்லை.

எழுத்தை நீக்குவதில்தான் திணறிப்போனேன். 'ஏரி'யில் கடைசி எழுத்தை நீக்கச் சொன்னால் 'ஏர' என்று நிற்கிறது! யூனிகோடின் அடிப்படைத் தமிழ்த் தொகுதியில் இருப்பவை 128 இடங்களே. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. 'ரி' என்பது அங்கே 'ர' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. ஆகவே குறியையோ புள்ளியையோ கண்டால் அதற்கு முன் நிற்பதையும் சேர்த்து நீக்கும்படி எழுதினேன்.

இரண்டு வார உழைப்பைப் பென்டிரைவில் போட்டு, ஆவடியிலிருக்கும் நண்பனிடம் கொடுத்தேன். அவன் ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்து, இரண்டு வரி சேர்த்துத் திருப்பித் தந்தான். நானும் பிரித்துப் பாராமல் பழைய கோப்பின்மேலேயே போட்டுவிட்டேன். திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள்!

பழைய நோட்பேடில் 'ஆன்சி' முறையில் சேமித்தால், அதன் அட்டவணையில் இல்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி விழும். போனது போனதுதான். எச்சரிக்கை வந்திருக்கும், அவன் 'ஓகே' தட்டியிருப்பான். அவனும் தமிழ்வழிதான், எச்சரிக்கையோ ஆங்கிலம்.

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. குற்றம் பாதி என்னுடையது என்று தெரிந்தும் பேசவில்லை.

பிறகு எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். கூடவே பகிர்வதற்கென்று ஒரு சிறு கருவியும் செய்தேன். திரும்பி வரும் கோப்பில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லையென்றால் அது ஏற்க மறுக்கும். ஏற்றாலும் பழையதை வேறு பெயரில் பத்திரப்படுத்தும். இதற்கிடையில் 'சி' தாளையும் ஒருவாறு தேறினேன்.

புதிய நிரலை அதே நண்பனிடமே கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தது. நான் விட்டிருந்த ஒரு 'முடி'யைச் சேர்த்திருந்தான். அதன்கீழே குறிப்பாக ஒரு வரி: 'இப்போதாவது எழுத்து தெரிகிறதாடா?'