வல்லை வெளியில் அம்மாவின் சைக்கிள்

காலை ஐந்தரை மணிக்கு நீர்வேலிச் சந்தியில் நின்றேன். வாழைக்குலைகள் சந்தைக்குப் புறப்படும் நேரம். ஒரு தம்பி தன் சைக்கிளின் கரியரில் நான்கு குலைகளைக் கட்டிக்கொண்டு போனவர், என்னைக் கடந்ததும் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“எங்கையம்மா விடியக் காலமை, சைக்கிளும் கையுமாய்?”

“சந்நிதிக்குத் தம்பி.”

“சைக்கிளிலையோ? வல்லைக் காத்து தெரியுந்தானே?”

தெரியும். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடிய எவருக்குத்தான் வல்லை வெளிக் காற்றைத் தெரியாது? ஆனால் நான் அந்த வெளியைச் சைக்கிளில் கடந்து பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. இது 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் கதை. ஏன் அத்தனை காலம் போகவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கூரையில் தொங்கிய வண்டி

அது என் அம்மாவின் சைக்கிள். பெண்களுக்கான றலி, நடுவில் பார் இல்லாதது. அம்மா ஆசிரியையாக முதல் நியமனம் கிடைத்தபோது வாங்கியது. சேலையுடன் அதில் ஏறி அவர் பள்ளிக்கூடம் போனதை ஊர் முதலில் வேலியால் எட்டிப் பார்த்ததாம். பிறகு பழகிவிட்டதாம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் எமக்கு மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. அந்த ஐந்து வருடங்களும் யாழ்ப்பாணத்தைச் சுமந்தவை சைக்கிள்கள்தாம். விறகும் நெல்லும் அதிலேதான். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும், கலியாணப் பெண் கோயிலுக்குப் போனதும் அதிலேதான். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி பேசும். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது அம்மாவின் சைக்கிளும் நடந்தது. ஓடுவதற்கு இடமில்லை, உருட்டினோம். கரியரில் அம்மம்மா, ஹான்டிலில் இரண்டு பைகள், ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் கணவர். மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. அந்த இரவை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

1996இல் ஊர் திரும்பினோம். அம்மா திரும்பவில்லை, தென்மராட்சி மண்ணிலேயே அவருடைய காரியம் முடிந்தது. சைக்கிளை மாட்டுக் கொட்டில் கூரையில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். என் கணவரிடம் வேறு சைக்கிள், ஒரு லுமாலா, இருந்தது. 2007ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு காலை, நெல்லியடியில் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அதில் புறப்பட்டார். வல்லை வெளியில் அவர் போனதைக் கண்டவர்கள் உண்டு. அப்பால் கண்டவர்கள் இல்லை. அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. பதிய வேண்டிய இடங்களில் எல்லாம் பதிந்தேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். எனக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நான் சைக்கிள் தொடவில்லை. ஒழுங்கையில் யாராவது வரும்போது செயின் கவர் உரசும் சத்தம் கேட்டால் படலையைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

மீண்டும் இறக்கியது

2022இல் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. ஓட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் கூலி கட்டாது. பஸ் வந்தால் வந்தது. நீரிழிவுக்கு மாதாந்தக் கிளினிக் போக வேண்டும். இரண்டு தடவை தவறவிட்டேன். மூன்றாம் தடவை மருமகனிடம் கேட்க மனம் வரவில்லை. அன்று பின்னேரம் ஏணி வைத்துக் கயிற்றை அவிழ்த்தேன்.

கோழி எச்சமும் துருவும் சிலந்தி வலையுமாக இருந்தது. ரயர் இரண்டும் விறைத்து வெடித்திருந்தன. கோப்பாய்ப் பக்கமாக ஒரு பழைய சைக்கிள் கடை. கடைக்கார ஐயாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். உருட்டிக்கொண்டு போனதும் வண்டியைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“இது ரீச்சற்றை றலியெல்லோ? நீங்கள் மகளோ?”

“ஓம் ஐயா. இதைத் திருத்தலாமோ, இல்லாட்டில் விக்கிறதுதானோ?”

“விக்காதேங்கோ பிள்ளை. இப்ப வெளிநாட்டிலை இருந்து வாற ஆக்கள் இதுகளைத் தேடித் திரியினம். நல்ல காசும் தருவினம். ஆனால் அவை கொண்டுபோய்ச் சுவரிலை கொழுவுவினம். நீங்கள் ஓடலாம்.”

அவர் எனக்குக் காட்டிய சில விடயங்களை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கலாம்.

பின் சில்லின் நடுக்குடம் ‘ஸ்ரேர்மி ஆர்ச்சர்’ என்ற ஆங்கிலேயத் தயாரிப்பு. மூன்று கியர்களும் அந்தக் குடத்துக்குள்ளேயே இருக்கின்றன. துணியால் துடைத்தபோது அதன் மேல் 62 என்ற இலக்கம் தெரிந்தது. குடம் செய்யப்பட்ட ஆண்டு அது. நான் பிறந்ததும் அதே ஆண்டுதான். நடுக்கியர்தான் சாதாரண ஓட்டம். முதலாவது கியரில் மிதிப்பது கால் பங்கு இலகு. மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு விரைவு. குடத்தில் ஒரு சிறு மூடி உண்டு. அதைத் திறந்து மெல்லிய எண்ணெய் சில துளி விட்டு, ஓர் இரவு வைத்துச் சுற்றினால் போதும். இருபத்தாறு வருடம் தொங்கிய குடம் மறுநாள் ‘டிக் டிக்’ என்று பேசத் தொடங்கிவிட்டது. கியர்க் கம்பி மட்டும் புதிது போட்டோம்.

துருப்பிடித்த நட்டுகளை முறுக்கி உடைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட வேண்டும். ரிம்மில் இருந்த துருவுக்குக் கடதாசிபோன்ற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். வெள்ளி போல வந்தது. தோல் சீற்றுக்கு நான் தேங்காயெண்ணெய் பூசப்போக, ஐயா தடுத்தார். எண்ணெய் கூடினால் தோல் இளகித் தொய்ந்துவிடுமாம். மெழுகுதான் பூச வேண்டுமாம். பழைய கறுப்புப் பூச்சையும் பொன்கோட்டையும் சுரண்டிப் புதுப் பெயின்ற் அடிக்கவும் விடவில்லை. முன்னால் உள்ள நாரைத்தலைச் சின்னத்தைத் தன் சாரத் தலைப்பால் தானே துடைத்தார்.

றலி வண்டிகள் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் செய்யப்பட்டவை. பெடல் அச்சின் மரை மற்ற வண்டிகளின் மரையைவிட நுண்மையானது. அதனால் வேறு வண்டியின் கிண்ணம் அதில் ஏறாது. அந்தப் பகுதியைக் கழற்றும்போது ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். ரயரும் ரியூபும் கவலையில்லை. இருபத்தாறு அங்குல ரயர் இப்போதும் கடைகளில் கிடைக்கிறது.

மூவருக்கு மூன்று வண்டி

சந்நிதிக்கு என்னோடு இருவர் வந்தனர். கோப்பாய் அக்கா அறுபத்தேழு வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரிடம் இருப்பது பெண்களுக்கான லுமாலா, முன்னால் கூடை. “எனக்கு உன்ரை பழம்பெருமை வேண்டாம். எந்தச் சந்தியிலை உடைஞ்சாலும் அந்தச் சந்தியிலை சாமான் கிடைக்க வேணும்” என்பது அவர் கொள்கை. அதுவும் சரிதான்.

சிறுப்பிட்டியில் சேர்ந்துகொண்ட தங்கச்சிக்கு ஐம்பத்துநான்கு வயது. தோட்டத்தில் மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஜெய்ப்பூர் கால் அணிந்திருக்கிறார். அவர் தேடி எடுத்தது சிறிய சில்லு உள்ள, கால் வைக்கும் இடம் மிகத் தாழ்ந்த வண்டி. பொய்க்கால் வழுக்காமலிருக்கப் பழைய ரியூபை வெட்டிப் பெடலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். “பெடலிலை ரியூபைக் கட்டலாம். காலைப் பெடலோடை கட்டக்கூடாது. விழேக்கை எடுக்கேலாது” என்று சொன்னார். நிற்கும்போது எப்போதும் இடக்காலையே ஊன்றுவார். வீதியோரமும் இடப்பக்கம்தானே.

எங்கள் வயதில் சைக்கிள் தெரிவு செய்வோருக்கு எங்கள் மூவரின் அனுபவமும் ஒன்றுதான். பார் இல்லாத வண்டி எடுங்கள். சீற்றில் இருந்தபடியே இரண்டு கால் நுனியும் நிலத்தில் முட்ட வேண்டும். குனியாமல் ஓட ஹான்டிலை உயர்த்துங்கள். பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். காற்று எதிர்த்தால் இறங்கி உருட்டுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

போகும் வழி

அச்சுவேலியால் போனால் சந்நிதி கிட்ட. நாங்கள் பருத்தித்துறை வீதியாலேயே போனோம். அந்த முடிவு என்னுடையது. ஏனென்று இருவரும் கேட்கவில்லை. ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால். செம்மண் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் பம்பிகளின் சத்தம். பிறகு வீடுகள் குறைந்தன, பனைகளும் குறைந்தன. திடீரென்று வானம் மட்டும்தான் இருந்தது. வல்லை வெளி.

மாரியில் இரு மருங்கும் நீர் நிற்கும். ஆடியில் காய்ந்து வெடித்த தரை, அங்கங்கே மேயும் மாடுகள். சோளகம் பின்னாலிருந்து தள்ளியது. பெடல் மிதிக்காமலே வண்டி ஓடியது. கோப்பாய் அக்கா இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை போலச் சிரித்தபடி போனார். முனியப்பர் கோயிலடியில் வாகனங்கள் நிறுத்திக் கும்பிட்டுப் போயின. நான் நிற்கவில்லை. பாலத்தின் கீழ் தொண்டைமானாற்று உப்புநீர் மெல்லிய அலையடித்தது. எங்கேயாவது பார்க்க வேண்டும் போலவும் பார்க்கக் கூடாது போலவும் இருந்தது. முன் சில்லையே பார்த்துக்கொண்டு ஓடினேன்.

பாலம் தாண்டி உடுப்பிட்டிப் பக்கம் திரும்பி, வல்வெட்டித்துறையில் கடலைக் கண்டு, கடற்கரை வீதியால் தொண்டைமானாறு போனோம். அங்கே காற்று முகத்துக்குத் திரும்பியது. முதலாவது கியர் உதவியது. சந்நிதியில் வாய் கட்டிய பூசகர் மந்திரமில்லாமல் பூசை செய்தார். மடத்தில் பந்தியில் இருந்து சோறும் பருப்பும் சாம்பாரும் சாப்பிட்டோம். யார், எவர் என்று எவரும் கேட்பதில்லை. அந்த ஊரின் குணம் அது. ஆலமர நிழலில் தங்கச்சி பொய்க்காலைக் கழற்றி வைத்து அரை மணி நேரம் நித்திரை கொண்டார்.

திரும்பும் வழி

திரும்பும்போது பின்னேரம் மூன்று மணி. வல்லையில் சோளகம் நேரே நெஞ்சில் அடித்தது. முதலாவது கியரிலும் நடை வேகம்தான். பாலம் தாண்டிச் சற்றுத் தூரத்தில் தங்கச்சி இறங்கிவிட்டார். நாங்களும் இறங்கினோம். மூவருமாக உருட்டினோம்.

நடக்கும்போதுதான் சுற்றிப் பார்க்க முடிந்தது. அவர் கடைசியாகக் கண்ட வெளி இது. காற்று ஊதியது; காய்ந்த புல், மாடுகள், தூரத்தில் ஒரு பஸ். வேறொன்றும் இல்லை. அவர் நின்ற இடம் இதுதான் என்று காட்டுவதற்கு ஒரு கல்லும் இல்லை. நான் நின்றேன். கோப்பாய் அக்கா தன் சைக்கிளை ஸ்ரான்டில் விட்டுவிட்டு வந்து என் வண்டியைப் பிடித்துக்கொண்டார். “அழு. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்” என்றார். அழுதேன். பிறகு போத்தல் தண்ணீரில் முகம் கழுவினேன். “வெளிக்கிடுவம், இருட்டப் போகுது” என்று தங்கச்சிதான் சொன்னார்.

ஆவரங்காலில் மரங்கள் வந்ததும் காற்று அடங்கியது. மீண்டும் ஏறி ஓடினோம். வீட்டுப் படலையில் பேத்தி நின்றாள்.

“அம்மம்மா, செயின் சத்தம் கேட்டுது. நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும்.”

எனக்குச் சிறிது நேரம் பேச வரவில்லை. சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.

அன்புச் சகோதரிகளே, என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. சைக்கிள் அதைக் கொண்டுவரவும் மாட்டாது. ஆனால் கிளினிக்குக்கு நானே போகிறேன். சந்தைக்கும் நானே போகிறேன். வருடம் ஒரு தடவை வல்லை வெளியைக் கடந்து வருகிறேன். உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் ஒரு பழைய வண்டி தொங்கினால், இறக்கித் தூசு தட்டிப் பாருங்கள். முதல் நாள் ஒழுங்கை மட்டும் போதும். விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தால் பின்னால் பிடிக்க ஒரு பேரப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எனக்குப் பிடித்தது என் பேத்திதான்.