அப்பாவுக்குச் சொல்லாத புல்

நம்ம சிவில் பிளாக் முன்னாடி இருக்கிற புல்தரையில உட்கார்ந்து இன்டர்னல் டெஸ்ட்டுக்கு படிச்சவங்க நிறைய பேர் இருப்பீங்க. போன வருஷம் ஜனவரி வரைக்கும் அந்த இடம் ஜல்லியும் உடைஞ்ச டைல்ஸும் கிடந்த பொட்டல். மார்ச் கடைசியில ஆய்வுக் குழு வருதுன்னு தெரிஞ்சதும், "எப்படியாவது இதை பச்சையாக்குங்க"ன்னு என்.எஸ்.எஸ்.காரங்களான எங்க தலையில வந்து விழுந்துச்சு. 40 அடிக்கு 30 அடி. பாய் மாதிரி சுருட்டி எடுத்துட்டு வந்து விரிக்கிற புல்லுக்கு விலை கேட்டோம், கேட்டதோட சரி. விதை வாங்கித் தூவலாம்னு முடிவாச்சு.

ஒரு கிலோ பாக்கெட் வந்துச்சு. பெர்முடா கிராஸ். விதை கடுகை விடப் பொடி. ஒரு கிலோவுல 30 லட்சத்துக்கு மேல இருக்கும்னு படிச்சப்போ பெருமையா இருந்துச்சு. பாக்கெட் பின்னாடி சின்ன எழுத்துல சைனோடான் டாக்டிலான்னு போட்டிருந்தது. போன்ல தேடினேன். வந்த போட்டோவைப் பார்த்ததும் திக்குன்னு ஆயிடுச்சு. அருகம்புல்!

உங்களுக்கு அருகம்புல்னா பிள்ளையாருக்கு மாலை. இல்லைன்னா வாக்கிங் போறவங்க குடிக்கிற ஜூஸ். எங்க வீட்ல அது பேர் சொன்னாலே அம்மா முகம் மாறும். பெரம்பலூர் பக்கம் கரிசல் காடு எங்களுக்கு, பருத்தியும் மக்காச்சோளமும். நான் பிளஸ் டூ படிச்சப்போ அப்பாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆகி, ரெண்டு வருஷம் ரெண்டு ஏக்கரைத் தரிசா போட்டுட்டோம். அருகுக்கு அது போதும். மேல கொடி ஓடும், மண்ணுக்குள்ள தண்டு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். களைக்கொத்தால வெட்டினா வெட்டின துண்டெல்லாம் தனிச் செடி. கல்யாணத்துல அருகு மாதிரி வேரோடணும்னு வாழ்த்துறவங்க யாரும் பருத்திக்காட்டுல களை வெட்டியிருக்க மாட்டாங்க. அதை மீட்க ரெண்டு கோடை டிராக்டர் விட்டோம், ஆள் விட்டோம். என் ஃபர்ஸ்ட் செமஸ்டர் ஃபீஸுக்கு வெச்சிருந்த பணம் அதுல போச்சு. அந்த வருஷம் ஃபைனோடதான் ஃபீஸ் கட்டினேன்.

அதனால வீட்ல சொல்லல. போன்ல "காலேஜ்ல என்ன வேலை?"ன்னு அப்பா கேட்டப்போ "மரக்கன்னு நடுறோம்ப்பா"ன்னேன்.

முதல் தடவை விதைச்சது ஒரே காமெடி. ஜல்லியைப் பொறுக்கினோம், மேல ரெண்டு கூடை செம்மண் தட்டினோம், கையால தூவினோம், ஹோஸ் பைப்பைத் திறந்தோம். தண்ணி போன வேகத்துல விதை எல்லாம் மிதந்து டிரெயினேஜ் பக்கம் போய் ஒதுங்குச்சு. மிச்சத்துக்கு எறும்பு வரிசை கட்டுச்சு, புறா வந்து கணக்கை முடிச்சுது. இருபது நாள் கழிச்சு பார்த்தா மூலையில ஒரு திட்டு மட்டும் நெருக்கமா பச்சை. மத்த இடத்துல அங்கங்க கோரை.

பிப்ரவரி முதல் வாரம் அப்பா ஃபீஸ் கட்ட வந்தார். பருத்தி முதல் எடுப்பு வித்த பணம். ஆபீஸ்ல கட்டிட்டு வரும்போது அந்த இடத்தைத் தாண்டித்தான் வரணும், வேற வழி இல்ல. நின்னார். குனிஞ்சு விரலால ஒரு அமுக்கு அமுக்கினார். விரல் உள்ள போகல.

"என்ன பாப்பா, தார் ரோடு போட்டு அதுல வெதச்சிருக்கீங்க?"

நான் பேசல.

"என்ன வெத இது?"

"அருகுப்பா."

என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியல. அப்புறம் ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, இருமல் வர்ற வரைக்கும் நிக்கல. "காசு குடுத்தா வாங்குனீங்க?" ஆமான்னேன். "சொல்லியிருந்தா ஒரு லாரி அனுப்பியிருப்பேனே! உங்க அம்மாகிட்ட சொல்லிடாத."

நிஜமாவே நம்ம காட்டுல இருந்தே கொண்டு வரலாமான்னு கேட்டேன். சிரிப்பு நின்னுடுச்சு. "வேணாம். நம்ம அருகு வந்தா கூடவே கோரைக்கிழங்கும் வரும். அங்க இருக்கிற வம்பை இங்க எதுக்கு? வெத மேல ஒரு தப்பும் இல்ல. மண்ணுதான் செத்துக் கெடக்கு."

பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. மரத்தடியில உட்கார்ந்து ஒவ்வொண்ணா சொன்னார், நான் லேப் ரெக்கார்டு பின்பக்கம் எழுதிக்கிட்டேன். அன்னைக்குதான் ஒண்ணு உறைச்சுது. அந்த செமஸ்டர்ல நாங்க பிராக்டர் டெஸ்ட் பண்ணிட்டிருந்தோம். மண்ணை அச்சுல போட்டு சுத்தியலால அடிச்சு, எவ்வளவு ஈரத்துல அதிகமா இறுகும்னு கண்டுபிடிக்கிறது. அந்த அடர்த்தியில 95 சதவீதம் வரலைன்னா ரோட்டுக்கு ஒத்துக்க மாட்டாங்க. என் படிப்பு மண்ணுக்குள்ள இருக்கிற காத்தை வெளியேத்துறது. எங்க அப்பா முதுகு உடைஞ்சது அதே காத்தை உள்ள விடுறதுக்கு. பிளாக் கட்டினப்போ கான்கிரீட் லாரி போய்ப் போய் அந்த மண்ணை இறுக்கி வெச்சிருந்தது. மேல தட்டின செம்மண் வெறும் மேக்கப்.

மறுபடி ஆரம்பிச்சோம். கடப்பாரையால முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டினோம். உள்ள இருந்து வந்த சிமென்ட் கட்டி மட்டும் 11 தள்ளுவண்டி. கொத்தின உடனே விதைக்கல. தண்ணி விட்டு பத்து நாள் சும்மா போட்டோம். "கோரை வரட்டும். வந்தாதான் எங்க இருக்குன்னு தெரியும்"னு அப்பா சொல்லியிருந்தார். முளைச்சதைக் கிழங்கோட தோண்டி எடுத்தோம். (முழுசா போகல. இன்னைக்கும் மழை பெஞ்சா ஓரத்துல தலை நீட்டுது.) மக்கின சாணி எருவைக் கலந்து, மேல் மண்ணை லேப்ல இருந்து கடன் வாங்கின 4.75 எம்.எம். சல்லடையில சலிச்சோம். நீளப் பலகையால மட்டம் பார்த்து இழுத்தோம். இந்த ஒரு வேலையில மட்டும் சிவில்காரங்க மானத்தைக் காப்பாத்தினோம்.

ரெண்டாவது கிலோவுக்கு 22 பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டோம். விதையோட ஒரு சட்டி காய்ஞ்ச மணல் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்கா, பாதியைத் தெற்கு வடக்கா தூவினோம். மணல் கலந்தா எங்க விழுந்துச்சுன்னு கண்ணுக்குத் தெரியும், ஒரே இடத்துல கொட்டாது. மேல அரை சென்டிமீட்டருக்கும் கம்மியா சலிச்ச எரு. ஆழமாப் போனா இந்தப் பொடி விதைக்கு மேல வரத் தெம்பு இருக்காது. ரோலருக்கு எங்க போறது? டெஸ்ட் முடிஞ்சு ஓரமா கிடந்த கான்கிரீட் சிலிண்டரைக் காலால உருட்டினோம். 150க்கு 300, ஒண்ணு 12, 13 கிலோ இருக்கும். மெக்கானிக்கல் பசங்க பால்கனியில நின்னு வீடியோ எடுத்தாங்க.

தண்ணிதான் கஷ்டம். பூவாளியால காலையில, மத்தியானம், சாயங்காலம். மேல் மண் ஒரு நாள் முழுசா காய்ஞ்சாலும் முளைக்கிறது கருகிடும். ஹாஸ்டல் பொண்ணுங்க ஷிஃப்ட் போட்டோம். எட்டாவது நாள் காலையில என் ஷிஃப்ட். நின்னு பார்த்தா ஒண்ணுமே தெரியல. மண்ணுல கன்னத்தை வெச்சு சாய்ஞ்சு பார்த்தேன், பச்சையா புகை மாதிரி இருந்துச்சு. போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "மொளச்சிடுச்சா, சனியன்." அதுல இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுறதுன்னு தெரியல.

ஆய்வுக் குழு வந்துச்சு. புல் அப்போ மூணு விரல் உயரம், நடுவுல வழுக்கையும் இருந்துச்சு. அவங்க ஃபைலைப் பார்த்துக்கிட்டே சிமென்ட் பாதையில நடந்து போயிட்டாங்க. வேப்பமரத்தடியில மட்டும் கடைசி வரைக்கும் புல் வரல. அருகுக்கு நல்ல வெயில் வேணும். அங்கதான் இப்போ பெஞ்ச் போட்டிருக்கோம்.

மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போனேன். கோடை உழவு ஓடிட்டிருந்துச்சு. டிராக்டர் புரட்டிப் போட்ட கட்டிக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா அருகந்தண்டு. நானும் அம்மாவும் கூடையில பொறுக்கினோம். ஒரு நீளத் துண்டைக் கையில வெச்சு கணுவை எண்ணிட்டிருந்தேன். பதினாலு.

"வரப்புல போட்டுடாத பாப்பா"ன்னு அந்தக் கோடியில இருந்து அப்பா கத்தினார். "வேர் புடிச்சுக்கும். பாறை மேல போடு, காயட்டும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "அதுக்கு ஏன்டி சிரிக்கிற?"

"ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொல்லிட்டு பாறை மேல கொண்டு போய் போட்டேன்.