கோட்டையிலிருந்து திருவல்லிக்கேணி வரை

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைப் பணியை முன்னிட்டுக் குடியேறியுள்ள குடும்பங்கள் இன்று ஏராளம். வார விடுமுறையில் பிள்ளைகளுடன் சென்னைக்குச் செல்வோர் கடற்கரையையும் கடைவீதியையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அன்பு வாசகர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புனித ஜார்ஜ் கோட்டை வாயிலில் இறங்கி, திருவல்லிக்கேணி வரை நடந்து பாருங்கள். வழிகாட்டி எவரும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். கோட்டை அருங்காட்சியகத்திற்கு அன்று விடுமுறை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் நிலம் பெற்று, மறு ஆண்டில் எழுப்பத் தொடங்கிய கோட்டை இது. உள்ளே 1680-ல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் உண்டு. நீங்கள் அவசியம் காண வேண்டியது அருங்காட்சியகத்திலுள்ள காரன்வாலிஸ் சிலை. அதன் பீடத்தைக் குனிந்து பாருங்கள். திப்பு சுல்தானின் இளம் புதல்வர் இருவர் 1792-ல் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே செதுக்கப்பட்டுள்ளது. சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அச்சிறுவர்கள் 1794-ல்தான் தந்தையிடம் திரும்பினர். தளபதியின் முகத்தைவிட அந்தப் பிள்ளைகளின் உருவமே நம்மை அங்கு நிறுத்தி வைக்கிறது.

கோட்டைக்குள் அரண்மனைத் தெரு என்றொரு தெரு இருந்தது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா கம்பெனியின் பீரங்கி நிழலில் மாளிகை கட்டிக்கொள்ள விரும்பியதன் அடையாளம் அது. அத்திட்டம் கைவிடப்பட, அவர் சேப்பாக்கத்தைத் தேர்ந்தார்.

நாமும் அவ்வழியே செல்வோம். போர் நினைவுச் சின்னத்தைக் கடந்து, நேப்பியர் பாலத்தில் கூவத்தைத் தாண்டினால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். (கூவத்தின் வாடையும் உடன் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை அடுத்து, மரங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பின்னால் ஒதுங்கி நிற்பதே 1768-ல் நிறைவுற்ற சேப்பாக்கம் அரண்மனை.

கம்பெனி ஊழியரான பால் பென்ஃபீல்டு என்பவரே இதைக் கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தப் பென்ஃபீல்டே பின்னர் நவாபுக்குக் கடன் கொடுத்தோரில் முதன்மையானவராக விளங்கினார்! போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடமும், அதன் ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையிலும் நவாப் கடன்பட்டார். வட்டி ஏற ஏற, நாட்டின் வரி வசூல் கடன்காரர் கைக்குப் போயிற்று. ‘ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்’ குறித்து எட்மண்ட் பர்க் 1785-ல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் முழங்க வேண்டிய அளவுக்கு அது வளர்ந்தது.

இதில் உங்கள் ஊருக்கும் பங்குண்டு. 1763-ல் நவாப் கம்பெனிக்கு வழங்கிய செங்கல்பட்டு ஜாகீரில் அடங்கியதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம். இன்று மோட்டார் தொழிற்சாலைகள் நிற்கும் மண்ணின் விளைச்சல் வரி, அன்று இந்தக் கோட்டையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கர்நாடகம் முழுவதும் 1801-ல் கம்பெனி வசமாயிற்று. 1855-ல் நவாப் பதவியும் ஒழிக்கப்பட்டது. அரண்மனையும் அரசின் கைக்குச் சென்றது. அதன் கலஸ் மஹால் பகுதி 2012-ல் தீக்கிரையாகிப் பின்னர் சீரமைக்கப்பட்டது.

லுஹர் நேரம் நெருங்குகையில் வாலாஜா சாலை வழியே மேற்கே நடந்து, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலுள்ள வாலாஜா பள்ளிவாசலை அடையலாம். இதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டுச் சொற்றொடரை யாத்தவர் நவாபின் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்து அறிஞர். எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும், அதாவது 1794-95. நவாப் மறைந்ததும் 1795-லேயே. லக்னோவிலிருந்து வந்த பேரறிஞர் மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் அடங்கியிருப்பதும் இவ்வளாகத்தில்தான்.

தொழுதுவிட்டு நிழலில் சற்று அமருங்கள். அந்தக் கல்வெட்டு எங்கே என்று பள்ளியில் இருப்பவர்களைக் கேட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; அப்ஜத் கணக்கு தெரிந்த பெரியவர் உடன் வந்தால், அவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்லலாம்.