ஐந்து தந்திகளும் ஒரு பொய்யும்

என் வீட்டிற்கு வரும் மாணவர்கள் புத்தக அலமாரியைப் பார்த்து வியப்பதில்லை. தமிழாசிரியன் வீட்டில் புத்தகங்கள் இருப்பது இயல்புதானே. அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையே தாங்கியில் நிற்கும் பேஸ் கிதாரைக் கண்டதும்தான் பேச்சு நிற்கும். "ஐயா, இது யாருடையது?" என்பது முதல் கேள்வி. "வாசிப்பீர்களா?" என்பது இரண்டாவது. "என்ன விலை?" என்பது மூன்றாவது. முதல் இரண்டிற்கும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். மூன்றாவதற்கு நெடுநாள் ஒரு பொய்யை வைத்திருந்தேன். அந்தப் பொய் மாணவர்களுக்காகப் பிறந்ததன்று. காட்டூரில் இருக்கும் என் தந்தைக்காகப் பிறந்தது.

காட்டூர், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்து வாழும் ஊர்களுள் ஒன்று. எண்பதுகளின் இறுதியில் எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் வானொலிதான். விடியற்காலையில் அப்பா வலையிலிருந்து நண்டுகளை ஒவ்வொன்றாக விடுவிக்கும்போது அது பாடிக்கொண்டிருக்கும். எல்லோரும் பாடகரின் மெட்டைப் பாட, நான் மட்டும் அதற்கு அடியில் தனியே நடந்துபோகும் இன்னொரு மெட்டை முணுமுணுப்பேனாம். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் வெறும் தாளத்துணையாக நிற்பதில்லை. தனக்கென ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே உடன் வரும். அதை வாசித்தவர்களுள் முதன்மையானவர் சசிதரன் என்பது கல்லூரிக்கு வந்தபின்தான் எனக்குத் தெரிந்தது. ரகுமானின் பாடல்களில் நான் தேடித்தேடிக் கேட்ட கீத் பீட்டர்ஸின் பெயரும் அப்படித்தான் தாமதமாக வந்து சேர்ந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப இயலாது. அந்தச் சுரத்தின் மேலடுக்கு அதிர்வுகள் மட்டுமே அதிலிருந்து வெளிவரும். நம் செவியும் மூளையும் அவற்றைக் கொண்டு, அங்கே இல்லாத அடிச்சுரத்தைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. ஆக, சிறுவயதில் நான் நேசித்த ஒலி எங்கள் வீட்டில் ஒலிக்கவே இல்லை. நானே அதை உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

முதுகலை படித்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். லீட் கிதாருக்கு மூவர் போட்டியிட்டனர். பேஸ் கேட்பாரற்றுக் கிடந்தது. திருமண மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்துக் கட்டணம் கட்டினேன். கருவி குழுவுக்குச் சொந்தம். அதன் கழுத்து என் கைக்குப் பருமன். இரண்டு மணி நேரம் வாசித்தால் இடது மணிக்கட்டு மறுநாள் வரை வலிக்கும். கருவி அப்படித்தான் இருக்கும், கைதான் பழகவேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆயினும் அது தொழிற்சாலைக் கருவி. யார் வாங்கினாலும் ஒரே அளவு. எழுபதுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் அலெம்பிக் பட்டறை, ஒரு வாசிப்பாளருக்கு ஒரு கருவி என்று செய்து கொடுக்கத் தொடங்கியது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1983-இல் தோன்றிய ஃபொடெராவும் அவ்வழியில் பெயர் பெற்றது. அவர்கள் அளவெடுத்துச் செய்துதரும் கருவி ஒன்றின் விலையில் எங்கள் ஊரில் ஒரு படகையும் அதற்கு எஞ்சினையும் தாராளமாக வாங்கிவிடலாம். அவை எனக்குப் படங்களில் பார்த்து மகிழ்வதற்கு மட்டுமே.

2016-இல் தென்னிந்திய நகரம் ஒன்றில் தனியாளாகப் பட்டறை நடத்தும் ஒருவரைப் பற்றி நண்பர் சொன்னார். போனேன். முதல் நாள் அவர் மரத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ பேசவில்லை. மூன்று கருவிகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரு மணி நேரம் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவிரல் எங்கே தயங்குகிறது, மணிக்கட்டு எங்கே மடங்குகிறது என்று குறித்துக்கொண்டார். கருவி என் கைக்கு வந்து சேரப் பதினான்கு மாதங்கள் ஆயின.

வீணை செய்யும் மரம் என்பதால் உடலுக்குப் பலா கேட்டேன். கழுத்து மேப்பிள். அது உடலின் நடுவே அடி வரை ஒரே துண்டாக ஓடுகிறது. பலா இருபுறமும் சிறகுகளாக ஒட்டப்பட்டிருக்கிறது. இடையில் பொருத்து இல்லை. விரற்பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். உலகெங்கும் கிதார் செய்கிறவர்கள் நாடும் மரம் இது. அதன் இனம் முழுவதும் 2017-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. தஞ்சாவூர் வீணையைப் போலவே இதற்கும் 24 மெட்டுகள். ஐந்து தந்திகளும் சேர்ந்து 80 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. கழுத்து வளைந்துவிடாதபடி உள்ளே ஓர் எஃகுக் கம்பி எதிர்த்து நிற்கிறது. உப்புக்காற்று வீசும் ஊருக்குக் கொண்டுபோனால் அதைச் சற்றே திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பட்டறையில் கண்ட ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். கழுத்தின் வெளிர்நிற விளிம்பில், விரல் வைக்கும் இடத்தைக் காட்டுவதற்காக, அவர் சிறு துளைகள் இட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கரிய மணியை அடைத்துத் தேய்த்தார். மணி துளையின் வாயில் பளிச்சென்று நின்றது. எனக்குப் பொருநராற்றுப்படை நினைவுக்கு வந்தது. முடத்தாமக்கண்ணியார் அதில் யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறார். பத்தல் குளம்பின் சுவடு போல. மருப்பு பாம்பு தலையெடுத்தது போல. திவவு பெண்ணின் முன்கை வளைகள் போல. துளைகளை அடைத்த ஆணிகளோ வளையில் வாழும் நண்டின் கண்கள் போல. ஆண்டுதோறும் இதை உவமைப் பட்டியலாக எழுதிப்போட்டு, தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வைத்துவந்தவன் நான். நண்டு பிடிப்பவரின் மகனாக இருந்தும், கருவி செய்கிறவரின் அருகில் நின்றபோதுதான் அந்தக் கண்களை முதன்முதலாகப் பார்த்தேன். கருவியை இவ்வளவு கிட்ட நின்று பார்த்த ஒருவர்தான் அந்த வரியை எழுதியிருக்க முடியும்.

விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஊருக்கு எடுத்துச் சென்றபோது அப்பா கேட்டார். அவரை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம்.

"இன்னா வெலடா?"

"பதினஞ்சாயிரம், நைனா."

"இம்மாம் காசா!"

அந்த ஆண்டு காட்டூர் வீட்டின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் என்னிடம் பணம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கூரையை மாற்றிக் கொடுத்தேன். பொய் மட்டும் அப்படியே இருந்தது.

பல ஆண்டுகள் படகு எஞ்சினின் அருகே அமர்ந்து அப்பாவின் செவி மங்கிவந்தது. இரைச்சலும் முதுமையும் முதலில் பறிப்பது உயர்ந்த ஒலிகளைத்தான். மருத்துவர் காட்டிய வரைபடத்தில் கோடு வலப்புறம் செங்குத்தாகச் சரிந்திருந்தது. பேச்சில் உயிரெழுத்துக்களின் ஓசை எட்டும். சகரமும் தகரமும் எட்டா. ஒன்று கேட்டால் வேறொன்றுக்கு விடை சொல்வார். பிறர் சிரித்தால் தானும் சிரிப்பார். பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டார். காதுக்கருவி இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். வானொலி பரணுக்குப் போனது.

சென்ற ஆண்டு பொங்கலுக்குப் பிறகு சில நாட்கள் என்னோடு வந்து தங்கினார். ஒருநாள் இரவு ஒலிபெருக்கி இல்லாமல் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். உள்ளீடற்ற பெட்டி இல்லாத கருவி இது. மின்சாரமின்றி அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. அதனால் கருவியின் மேற்கொம்பில் தாடையை அழுத்திக்கொள்வோம். எலும்பின் வழியே ஒலி உள்ளே வந்துவிடும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று கையால் கேட்டார். அவரை அமர்த்தி, கொம்பில் தாடையை வைக்கச் செய்து, நொடிக்கு 31 முறை அதிரும் ஐந்தாம் தந்தியை மீட்டினேன்.

அவர் அசையவில்லை. "கேக்குதுடா" என்றார். சற்றுப் பொறுத்து, "சின்னதுல துடுப்பத் தண்ணில வுட்டு மேக்கட்டைல காத வெச்சிக் கேப்போம். அத்த மாரி கீது" என்றார். மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன்களை இப்படித் துடுப்பின் வழியேதான் கேட்பார்கள் என்று படித்திருக்கிறேன். என் தந்தையும் ஏரியை அப்படிக் கேட்டிருக்கிறார் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெரியாது.

'இளைய நிலா' பாடலின் பேஸ் பகுதியை மெல்ல வாசித்தேன். இரண்டாம் சுற்றில் அப்பா முனக ஆரம்பித்தார். சுருதி விலகித்தான் இருந்தது. ஆனால் அவர் முனகியது நான் வாசித்ததை அன்று; அங்கே ஒலிக்காத பாடகரின் மெட்டை. நான் சிறுவனாக அடியை நிரப்பிக்கொண்டதுபோல் அவர் மேலே உள்ளதை நிரப்பிக்கொண்டிருந்தார்.

அதற்குமேல் என்னால் பொய்யை வைத்திருக்க முடியவில்லை. ஒரு தாளில் 2,40,000 என்று எழுதி, கருவியைச் சுட்டிக் காட்டினேன். நெடுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு கழுத்தின் பின்புறத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"உன் கைக்கோசரம் செஞ்சதா?"

தலையசைத்தேன். சுனாமிக்கு முன் தன்னிடம் இருந்த மரப்படகைப் பற்றிச் சொன்னார். அதைக் கட்டிய ஆசாரி, இவரை நிற்கவைத்துக் கழி ஊன்றச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பலகை வைத்தாராம். 2004-க்குப் பிறகு வந்தது ஃபைபர் படகு. "நல்ல படகுதான். ஆனா அச்சுல ஊத்துனது. எனக்கோசரம் செஞ்சதில்ல."

மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "அந்த வருசம் மழைல உங்கம்மா ராவெல்லாம் குண்டான் மாத்தி மாத்தி வெச்சிக்கினு இருந்தா" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிராது.

பிறகு மறுபடியும் கொம்பில் தாடையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தபா வாசி" என்றார்.

இப்போது மாணவர்கள் கேட்டால் சரியான விலையைச் சொல்கிறேன். கூரையையும் சேர்த்தே சொல்கிறேன்.